மிகுபுனைவுத் தொடர் மின்னூல்: விலை வைப்பதும் வாசகரிடம் கொண்டுசேர்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பாகங்கள் கொண்ட மிகுபுனைவு (ஃபேன்டஸி) தொடர் ஒன்றை எழுதி, கிண்டிலில் நானே வெளியிட்டு முடித்திருக்கிறேன். முடித்த நாளிலிருந்து, புதிதாக எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், வாட்ஸ்அப்பில். "அக்கா, முதல் பாகம் ஏத்திட்டேன். விலை கேக்குது. என்ன போடட்டும்?" பல வருட உழைப்பு ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓர் எண்ணாக வந்து நிற்கும் நேரம் அது. கை நடுங்கத்தான் செய்யும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதி, அமேசான் கேடிபி (கிண்டிலில் நாமே மின்னூல் வெளியிட அமேசான் தரும் தளம்) வழியாக வெளியிடுபவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் பாகத்துக்கு என்ன விலை வைக்கலாம்?

தனி நாவலுக்கு விலை வைப்பது வேறு, தொடரின் முதல் பாகத்துக்கு விலை வைப்பது வேறு. தனி நாவல் தன் கூலியைத் தானே சம்பாதித்தாக வேண்டும். தொடரின் முதல் பாகத்துக்கு அந்தப் பாரம் இல்லை. முன்பின் தெரியாத ஒரு வாசகரை, ஏழு குலங்களும் இரண்டு நிலவுகளும் உள்ள ஓர் உலகத்துக்குள் கையைப் பிடித்துக் கூட்டிவருவதுதான் அதன் வேலை. ஆகவே முதல் பாகம் குறைந்த விலையில் இருக்கட்டும். இரண்டாம் பாகத்திலிருந்து முழு விலை வையுங்கள். நான் வைத்தது முதல் பாகத்துக்கு 49 ரூபாய், மற்ற மூன்றுக்கும் தலா 149 ரூபாய்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அமாண்டா ஹாக்கிங் 2010ல் தன் மாயக்கதைகளைத் தானே மின்னூலாக வெளியிட்டார். மூன்று பாகத் தொடர் ஒன்றில் முதல் பாகம் 99 சென்ட், அடுத்தவை 2.99 டாலர். 2011ல் அவருடைய நூல்களின் மொத்த விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்த எண்ணிக்கை அந்தக் காலத்துக்கும் அந்தச் சந்தைக்கும் உரியது. முதல் படியைத் தாழ்வாக வைத்த அந்த முறை மட்டும் இன்றைக்கும் செல்லும்.

விலை குறைவாக இருந்தால் "மட்டமான புத்தகம்" என்று நினைக்க மாட்டார்களா?

நான்கு பாகத்தையும் 49 ரூபாய்க்கு வைத்தால் நினைப்பார்கள். முதல் பாகம் 49, அடுத்தது 149 என்று தொடர்ப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும்போது, முதல் பாகம் அறிமுக விலையில் இருக்கிறது என்பது வாசகருக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். இதற்காகவே கேடிபியில் உள்ள தொடர் வசதியைப் பயன்படுத்தி எல்லா பாகங்களையும் ஒரே தொடராக இணைத்து, எண்ணும் போட்டுவிடுங்கள். எண் போடாமல் விட்ட தொடரில் மூன்றாம் பாகத்தை முதலில் வாங்கி, ஒன்றும் புரியாமல் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போன வாசகரை நான் பார்த்திருக்கிறேன். அவர்மேல் என்ன தப்பு?

35 சதவீதம், 70 சதவீதம் என்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கேடிபியில் உரிமைத்தொகைக்கு, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்குக்கு, இரண்டு திட்டங்கள். அமெரிக்கக் கடையில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குக் கீழேயும் மேலேயும் 35 தான். கணக்கைப் பாருங்கள்: 99 சென்ட் புத்தகம் விற்றால் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99 டாலர் புத்தகம் விற்றால் சுமார் 2 டாலர். அந்த ஒரு விற்பனைக்குச் சமமாக, மலிவு விலைப் புத்தகம் ஆறு விற்க வேண்டும். முதல் பாகத்தை மட்டும் மலிவாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் அந்த நூலை கேடிபி செலக்ட் திட்டத்தில் (மின்னூலை அமேசானில் மட்டுமே வைக்க ஒப்புக்கொள்ளும் திட்டம்) சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் 70ஐ டிக் செய்துவிட்டு, மாதக் கடைசியில் "பாதிதான் வந்திருக்கு" என்று பதறுபவர்கள் நிறைய. இந்தியக் கடைக்கான விலை வரம்பும் தனி. விலைப் பக்கத்திலேயே காட்டும், பார்த்துப் போடுங்கள்.

என் நாவலில் வரைபடம், குலமரபுப் பட்டியல், சொல்லகராதி எல்லாம் உண்டு. முன்னால் வைக்கவா, பின்னால் வைக்கவா?

மிகுபுனைவு எழுதும் எல்லோருக்கும் வரைபடத்தின் மேல் காதல். எனக்கும்தான். ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். ஆனால் அது இரண்டு இடத்தில் காசைத் தின்னும்.

முதலாவது, கோப்பின் எடை. 70 சதவீதத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் கோப்பை அனுப்பும் செலவு என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய், அமெரிக்காவில் 15 சென்ட். என் இரண்டாம் பாகத்தின் வரைபடத்தை ஸ்கேன் செய்த அளவிலேயே அப்படியே வைத்துவிட்டேன்; கோப்பு 3 எம்பி ஆனது. 149 ரூபாயில் 21 ரூபாய் போக மீதிக்கு 70 சதவீதம் என்றால் 89 ரூபாய் 60 காசு. படத்தின் அளவைக் குறைத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மொத்தக் கோப்பையும் 0.3 எம்பிக்குக் கொண்டுவந்த பிறகு அதே விற்பனையில் 102 ரூபாய் 83 காசு. ஒரு பிரதிக்குப் பதிமூன்று ரூபாய் வித்தியாசம். வரைபடத்தில் ஆற்றின் பெயர் முன்பு போலவே தெளிவாகத் தெரிகிறது. எழுத்துக்கு இந்தக் கவலை வேண்டாம். நானூறு பக்கத் தமிழ் எழுத்தும் சிறிய கோப்புதான், எடையெல்லாம் படத்தில்.

இரண்டாவது, மாதிரிப் பக்கங்கள். வாங்கும் முன் வாசகர் இலவசமாகப் புரட்டிப் பார்ப்பது நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து சதவீதம். அந்த இடத்தை நன்றியுரையும் முன்னுரையும் அணிந்துரையும் குலமரபும் அடைத்துக்கொண்டால், கதை தொடங்குவதற்குள் மாதிரி முடிந்துபோகும். சொல்லகராதியும் குலமரபும் பின்னால் போகட்டும். வரைபடம் ஒன்று முன்னால் இருக்கலாம். அதற்கடுத்த பக்கத்தில் முதல் அத்தியாயம் ஆரம்பித்துவிட வேண்டும்.

கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்க்கலாமா? படித்தவர்கள் வாங்காமலே போய்விடுவார்களே?

தமிழில் எழுதுபவர்களுக்கு என் பதில்: சேருங்கள். நம் வாசகரில் பெரும்பகுதி இந்த அன்லிமிடெட் திட்டத்தில் மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள். வாரத்துக்கு மூன்று நாவல் முடிக்கும் இல்லத்தரசிகள், ரயிலில் போய்வரும்போது படிப்பவர்கள், இவர்களெல்லாம் ஒவ்வொரு நூலாகக் காசு கொடுத்து வாங்குவதில்லை. செலக்டில் சேர்ந்த நூல் தானாக அன்லிமிடெட்டுக்குள் வந்துவிடும். சந்தாதாரர் எத்தனை பக்கம் படித்தாரோ அத்தனைக்குப் பணம். 2015 ஜூலையிலிருந்து இந்தப் பக்கக் கணக்கு முறை நடப்பில் இருக்கிறது. அமேசான் தானே ஒரு சீரான பக்க அளவை வைத்து எண்ணும்; பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம், நாட்டுக்கு நாடு மாறும்.

பக்கக் கணக்கு தொடர் எழுதுபவருக்குத் தோதானது. நான்கு பாகம், மொத்தம் ஆயிரத்து அறுநூறு பக்கம் என்றால், முதல் பாகத்தில் பிடித்துப்போன வாசகர் கடைசிவரை படிக்கிறார். அடுத்த பாகத்துக்குப் போகும்போது "காசு கொடுக்கணுமே" என்ற தயக்கம் அவருக்கு இல்லை. எனக்கு வரும் தொகையில் பக்கக் கணக்கே விற்பனையைவிடப் பெரியது.

விலையாக நீங்கள் கொடுப்பது தனியுரிமை, அதாவது மின்னூலை அமேசான் மட்டுமே விற்கும் உரிமை. ஒருமுறை சேர்ந்தால் 90 நாள் கட்டு. அந்தக் காலத்தில் மின்னூல் வேறெங்கும், உங்கள் சொந்த வலைத்தளத்தில்கூட, பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கும் ஒலிநூலுக்கும் இந்தத் தடை இல்லை.

ஏற்கெனவே வேறு செயலியில் வாராவாரம் தொடராகப் போட்ட கதை. அதைக் கிண்டிலில் ஏற்றலாமா?

ஏற்றலாம். செலக்டில் சேர்க்கும் முன்னால் அங்கிருந்து முழுவதும் நீக்கியாக வேண்டும். செயலி, முகநூல், வலைப்பூ, எல்லா இடமும். அந்தச் செயலியோடு ஒப்பந்தம் ஏதும் போட்டிருந்தால் முதலில் அதைப் படியுங்கள். கட்டணப் பிரிவில் சேர்த்த கதையை நினைத்தவுடன் எடுக்க முடியாமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மூன்று வருடம் முன்பு ஒரு மன்றத்தில் பதிவிட்ட இருபது அத்தியாயங்களை மறந்தே போயிருந்தார். தனியுரிமை மீறல் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் அதன் கடவுச்சொல்லைத் தேடி அலைந்தார். உங்கள் கதையில் வரும் அபூர்வமான ஒரு பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். விட்டுப்போனதெல்லாம் வந்து நிற்கும்.

இலவச நாட்கள் உண்மையிலேயே பயன்படுமா?

செலக்டில் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஐந்து இலவச நாட்கள் தருகிறார்கள். நூல் வெளியான முதல் வாரத்திலேயே ஐந்தையும் கொட்டிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ஒரே ஒரு பாகம்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டாலும், படித்து முடித்தவுடன் அவர்கள் போவதற்கு இடமில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாம் பாகம் வரும்போது உங்கள் பெயரே அவர்களுக்கு நினைவிருக்காது.

இலவச நாட்களைச் சேமித்து வையுங்கள். இரண்டாம் பாகமோ மூன்றாம் பாகமோ வெளியாகும் வாரத்தில், முதல் பாகத்தை மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு இலவசமாக்குங்கள். புதுப் பாகத்தை ஒருநாளும் இலவசமாக்காதீர்கள். முதல் நாளே காசு கொடுத்து வாங்கிய உண்மையான வாசகருக்கு அது அவமரியாதை.

நேரத்தில் கவனம் வேண்டும். இலவச நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும். நமக்கு அது கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே "இன்று இலவசம்" என்று பதிவு போட்டால், வந்து பார்ப்பவர் கண்ணில் 49 ரூபாய்தான் படும். நான் மதியம் இரண்டு மணிக்கு நானே ஒருமுறை கடைப்பக்கத்தைத் திறந்து, விலை பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கும் அறிவிப்பேன்.

விலை படிப்படியாக ஏறும் "கவுன்ட்டவுன்" சலுகை பற்றியும் கேட்கிறார்கள். அது அமெரிக்க, பிரிட்டன் கடைகளுக்கானது. அங்கே உள்ள தமிழ் வாசகர்களை எட்ட நினைத்தால் பயன்படுத்தலாம், விலை 2.99க்குக் கீழே இறங்கியிருக்கும் நாட்களிலும் 70 சதவீதம் தொடரும் என்பது அதில் நல்ல அம்சம்.

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு தொகையை எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் முதல் பாகத்தைப் படித்த நூறு பேரில் எத்தனை பேர் இரண்டாம் பாகத்துக்குப் போனார்கள்? இந்த எண் தெரியாமல் விளம்பரத்தில் பணம் போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது போலத்தான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். நூறு பேர் முதல் பாகத்தை வாங்குகிறார்கள். 50 பேர் இரண்டாவதை, 40 பேர் மூன்றாவதை, 36 பேர் நான்காவதை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் 49 ரூபாய்க்கு 35 சதவீதத்தில் 17 ரூபாய் தரும். மற்றவை ஒவ்வொன்றும் சுமார் 100 ரூபாய். அப்படியானால் முதல் பாகத்தை வாங்கும் ஒரு வாசகர் சராசரியாக உங்களுக்குக் கொண்டுவருவது 17, அதோடு 50, 40, 36. மொத்தம் 143 ரூபாய்.

இனி விளம்பரம். சமூக ஊடகத்தில் ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் ஆகிறது, இருபது சொடுக்குக்கு ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒரு வாசகரைக் கொண்டுவர 100 ரூபாய். நான்கு பாகம் வைத்திருப்பவருக்கு 43 ரூபாய் மிச்சம். ஒரே பாகம் வைத்திருப்பவருக்கு 83 ரூபாய் நஷ்டம். அதே விளம்பரம், அதே அட்டை, அதே எழுத்துதான். ஒருவருக்குப் பின்னால் மூன்று பாகங்கள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே முதல் பாகம் மட்டும் இருக்கும்போது விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். அந்தப் பணத்தை இரண்டாம் பாகத்தின் மெய்ப்புத் திருத்தத்துக்கும் அட்டைக்கும் வையுங்கள். மூன்று பாகம் வந்த பிறகு, நாளுக்கு இருநூறு ரூபாயில் ஆரம்பித்து, இரண்டு வாரம் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்த நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கை எப்படி எடுப்பது?

கேடிபி அறிக்கையில் நூல்வாரியாக விற்பனையும் படித்த பக்கங்களும் இருக்கும். மூன்று மாதத்துக்கு முதல் பாகம் எத்தனை, இரண்டாம் பாகம் எத்தனை என்று வகுத்தால் போதும். இலவசமாகப் போனவற்றை இதில் சேர்க்காதீர்கள்; இலவசத்தில் எடுப்பவர்களில் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சந்தா வாசகருக்கு, மொத்தம் படித்த பக்கங்களை அந்த நூலின் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது தோராயமாகக் கிடைக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பாதி பேர் உதிர்வது இயல்பு. நூறில் இருபது பேர்கூடப் போகவில்லை என்றால் குறை விளம்பரத்தில் இல்லை, முதல் பாகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதன் முடிவில். மிகுபுனைவில் நாம் அடிக்கடி செய்வது, கதையை அந்தரத்தில் அறுத்து "தொடரும்" போடுவது. வார இதழுக்கு அது பொருந்தியது. அடுத்த வியாழக்கிழமை அடுத்த அத்தியாயம் கைக்கு வந்துவிடும். மின்னூலில் அடுத்த பாகத்துக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டிய வாசகர் அதை ஏமாற்றமாகத்தான் எடுத்துக்கொள்கிறார். முதல் பாகத்தில் எழுப்பிய ஒரு பெரிய கேள்விக்காவது அதே பாகத்தில் விடை கொடுங்கள். பெரிய போர் நான்காம் பாகத்தில் நடக்கட்டும். முதல் பாகத்தில் தொலைந்த தம்பி முதல் பாகத்திலேயே கிடைத்துவிடட்டும்.

கடைசிப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

கதையின் கடைசி வரிக்குக் கீழே, பக்கம் திருப்பாமலே தெரியும்படி, அடுத்த பாகத்தின் பெயரும் தொட்டால் திறக்கும் இணைப்பும். இடையில் வேறு எதுவும் வேண்டாம். எழுத்தாளர் குறிப்பு, நன்றி, மற்ற நூல்கள் எல்லாம் அதன் பிறகு.

இரவு ஒரு மணிக்குக் கண்ணில் நீரோடு ஒருவர் படித்து முடிக்கிறார். அந்த அரை நிமிடத்தில் அவர் விரல் எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் தொடர் முழுவதும் நிற்கிறது. இரண்டாம் பாகம் வெளியானதும் முதல் பாகத்தின் கோப்பில் இந்த இணைப்பைச் சேர்த்து மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். பலர் மறந்துவிடுகிறார்கள். நான் ஐந்து மாதம் மறந்திருந்தேன். அந்த ஐந்து மாத வாசகர்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தலைப்பையும் குறிச்சொற்களையும் தமிழில் போடுவதா, ஆங்கில எழுத்திலா?

இரண்டும் வேண்டும். தமிழ் நூலைத் தேடுபவர்களில் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஒரே சொல்லை நான்கு விதமாக எழுதுவார்கள். "மாயம்" என்பதற்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. கேடிபி ஏழு குறிச்சொல் கட்டங்கள் தருகிறது. அதில் நான்கை ஆங்கில எழுத்து வடிவங்களுக்கும் மூன்றைத் தமிழுக்கும் ஒதுக்குங்கள். "தமிழ் நாவல்" என்று போட்டு ஒரு கட்டத்தை வீணாக்க வேண்டாம். "மன்னர் காலம்", "சித்தர்", "மந்திரம்", "யாளி" என்று உங்கள் உலகத்தில் உள்ளதைப் போடுங்கள். வாசகர் "மிகுபுனைவு" என்று தேடுவதில்லை, அது நம் வட்டாரச் சொல். "ஃபேன்டஸி" என்றோ "மாயாஜாலக் கதை" என்றோதான் தேடுகிறார்.

வகைப்பிரிவு மூன்று தேர்ந்தெடுக்கலாம். சரித்திர நாவல் பிரிவில் கூட்டம் அதிகம் என்று மாயக்கதையை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். சோழர் கதை தேடி வந்தவர் பறக்கும் யாளியைப் பார்த்துக் கோபப்படுவார், அதை விமர்சனத்திலும் எழுதுவார்.

அட்டைப்படத்துக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

வேண்டும். கேடிபி பரிந்துரைக்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். ஆனால் வாசகர் பார்ப்பது கைப்பேசியில் தபால்தலை அளவு. அந்த அளவில் தலைப்பு படிக்க வருகிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் மெல்லிய எழுத்துருவில் காணாமல் போய்விடும். நான்கு பாகத்துக்கும் ஒரே ஓவியர், ஒரே எழுத்துரு, ஒரே அமைப்பு. நான்கையும் ஒரே நேரத்தில் பேசி முடித்தால் விலையும் படியும். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படம் என்றால் பதிவேற்றும்போது கேடிபி கேட்கும், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

"எங்கிட்ட கிண்டில் இல்லையே" என்கிறார்கள். என்ன செய்வது?

நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த விளம்பரம் இந்தக் கேள்விக்கான பதில்தான். கைப்பேசியில் கிண்டில் செயலி இலவசம் என்பது நம் வாசகரில் ஏகப்பட்ட பேருக்குத் தெரியாது. "கிண்டில்னா பத்தாயிரம் ரூபா கருவி" என்றே நினைத்திருக்கிறார்கள். செயலியை இறக்குவது, அமேசான் கணக்கில் நுழைவது, நூலை வாங்குவது, எழுத்தைப் பெரிதாக்குவது: இதை ஒன்றரை நிமிட வீடியோவாக என் அம்மாவின் போனில் எடுத்தேன். அம்மாவே விரலால் தொட்டுக் காட்டினார். முகநூலில் நூறு முறை "வாங்குங்கள்" என்று எழுதி வராத வாசகர்கள் அந்த வீடியோவால் வந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதைக் காட்டிய இடத்தில்தான் அறுபது வயதுக்காரர்கள் நின்றார்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது, அட்டைப்படமும் கியூஆர் குறியீடும் அச்சிட்ட புத்தகக்குறிகளை எடுத்துப்போகிறேன். தெரிந்த பதிப்பாளர் அரங்கில் கேட்டுக்கொண்டு, வாங்கும் புத்தகங்களுக்குள் ஒன்று வைக்கச் சொல்வேன். துண்டுப்பிரசுரத்தைக் கசக்கிப் போடுவார்கள். புத்தகக்குறியைப் போட மனசு வராது.

யூடியூப் ஒலிநாவலுக்கும் தமிழில் பெரிய கூட்டம் இருக்கிறது. முதல் பாகத்தின் முதல் ஐந்தாறு அத்தியாயங்களை நல்ல குரலில் வாசித்துப் போடுங்கள். முழு நாவலையும் போட்டால், கேட்டு முடித்தவர் அடுத்த பாகத்தையும் அங்கேயே கேட்பார். நூல் பக்கம் வரமாட்டார்.

விமர்சனம் எழுதச் சொல்லி நண்பர்களைக் கேட்கலாமா?

நெருங்கிய நண்பர்கள், குடும்பத்தார் எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை. "நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதறேன்" என்ற ஏற்பாடும் கூடாது. காசு கொடுத்து வாங்குவது அறவே கூடாது. முன்கூட்டியே இலவசப் பிரதி கொடுத்து, எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் அவர் விருப்பம் என்று விடலாம். வாட்ஸ்அப்பில் "ஆசம், ஒரே மூச்சுல படிச்சேன்" என்று செய்தி அனுப்பும் வாசகரிடம், "இதையே அங்க ரெண்டு வரி எழுதுவீங்களா?" என்று கேளுங்கள். பத்தில் மூன்று பேர் எழுதினால் நல்லது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அதே விலையா?

நீங்கள் ரூபாயில் போட்டதைக் கேடிபி தானாக மற்ற நாணயங்களுக்கு மாற்றிவிடும். 149 ரூபாய் இரண்டு டாலருக்கும் கீழே போய், அங்கே 35 சதவீதத்துக்குள் விழுந்துவிடும். ஒவ்வொரு கடைக்கும் விலையைக் கையால் போடுங்கள். டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவருக்கு 3.99 பெரிய தொகை இல்லை. தமிழில் படிக்கப் புதிதாக ஒன்று கிடைக்கிறதே என்பதுதான் பெரிது. இலங்கைக்கென்று தனி அமேசான் கடை இல்லை. அங்குள்ள வாசகர் டாலர் விலையில் வாங்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துத்தான் என் முதல் பாகத்தின் டாலர் விலையை 99 சென்ட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

வரி, பணம் எப்போது வரும்?

ஒரு மாதக் கணக்கு, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். பதிவு செய்யும்போதே வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இந்திய–அமெரிக்க ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனையில் 30க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

என் நூல் பிடிஎஃபாகக் குழுக்களில் சுற்றுகிறது. என்ன செய்வது?

வயிறு எரியும். எனக்கும் எரிந்தது, இரண்டு நாள் எழுத முடியவில்லை. உரிமை மீறல் புகாரை அந்தத் தளத்தின் படிவத்தில் கொடுங்கள். கொடுத்த புகாரின் நகலை வைத்துக்கொள்ளுங்கள், தனியுரிமை பற்றிக் கேடிபி கேட்டால் காட்ட வேண்டிவரும். அதற்கு மேல் அதன் பின்னால் ஓடாதீர்கள். ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த பாகத்திலிருந்து போகிறது. ஒருமுறை ஒரு பெண் எழுதினார்: "பிடிஎஃப்ல மூணு பாகமும் படிச்சேங்க, நாலாவது எங்கயுமே கிடைக்கல." திட்ட நினைத்து, பிறகு இணைப்பை மட்டும் அனுப்பினேன். வாங்கினார். அடுத்த வாரம் மற்ற மூன்றையும் வாங்கிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார்.

எல்லா பாகங்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடலாமா?

தொடர் முடிந்து ஆறு மாதமாவது போகட்டும். அதுவரை தனிப் பாகங்கள் ஓடட்டும். தொகுப்பின் விலை, தனித்தனியாக வாங்கினால் ஆவதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் சரியாக இருக்கும். என் நான்கு பாகத்துக்கு 496 ரூபாய் ஆகிறது, தொகுப்பை 329க்கு வைத்தேன். சந்தா வாசகர் ஒருவர் ஒரு நூலில் படிக்கும் பக்கங்களில் அதிகபட்சம் 3000 பக்கத்துக்குத்தான் பணம் தருவார்கள். அதைவிட நீளமான தொடரை இரண்டு தொகுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கம் கூட்டுவதற்காகச் சம்பந்தமில்லாத சிறுகதைகளைப் பின்னால் திணிப்பது விதிமீறல், கணக்கையே முடக்கிவிடுவார்கள். தொகுப்பு வந்த அன்று அட்டையில் "முழுத் தொடர்" என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். முடியாத தொடர்களால் பலமுறை ஏமாந்த வாசகர் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்த்துத்தான் அவர்கள் முதல் பக்கத்தைத் திறக்கிறார்கள்.